வம்சத்தில் வந்த பாதி, நம் கையில் உள்ள பாதி



உடல் பருமனைப் பற்றி நம் வீடுகளில் இரண்டு விதமான பேச்சு உண்டு. "அவங்க வம்சமே அப்படித்தான், தண்ணி குடிச்சாலும் உடம்பு ஏறும்" என்பது ஒன்று. "வாயைக் கட்டத் தெரியாது, அதான் இப்படி" என்பது மற்றொன்று. முதல் பேச்சு, முயற்சியே வேண்டாம் என்று ஆளை உட்கார வைத்துவிடுகிறது. இரண்டாவது பேச்சு மனதைக் குத்துகிறது. பெண் பார்க்க வந்துவிட்டு, "பிள்ளை கொஞ்சம் தடிப்பு" என்று சொல்லி அனுப்புகிறவர்கள் உண்டு. அதைக் காதில் வாங்கிக்கொண்டு காலைச் சாப்பாட்டையே விட்டுவிடும் பிள்ளைகளும் உண்டு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நம் அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களைப் பாருங்கள். டயாலிசிஸுக்கு உதவி கேட்பவர்கள், சர்க்கரைப் புண்ணால் கால் விரலை இழந்தவர்கள் ஆகியோரில் ஒல்லியான உடம்புக்காரர்களும் இருக்கிறார்கள். "நமக்கென்ன, உடம்பா வச்சிருக்கோம்" என்று ஒருநாளும் ரத்தம் கொடுத்துப் பார்க்காதவர்கள் இவர்கள்.

பருத்தவரைப் பழிக்கிறோம், மெலிந்தவரைக் கவனிக்காமல் விடுகிறோம். இரண்டுக்கும் காரணம், உணவை உடல் கையாளும் விதம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதை நாம் அறியாததுதான். இம்மாத உடல்நலப் பாடம் அதைப் பற்றியது.

வீட்டுக் கணக்கைப் போல ஒரு கணக்கு

நாம் உண்பதை உடல் எரித்துச் சக்தியாக்குகிறது. மிஞ்சியதைக் கொழுப்பாகச் சேமிக்கிறது. இந்த வேலைகள் எல்லாவற்றையும் சேர்த்து வளர்சிதை மாற்றம் என்கிறார்கள். ஒரு வீட்டின் வரவு, செலவு, சேமிப்பு போல இதை நினைத்துக்கொள்ளலாம்.

ஒரு நாளில் உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய 60 முதல் 70 விழுக்காடு, நாம் சும்மா படுத்திருந்தாலே ஆகிவிடும். இதயம் துடிக்க, மூச்சு ஓட, மூளை வேலை செய்ய, உடல் சூடு நிற்க அது வேண்டும். சுமார் 10 விழுக்காடு, உண்டதைச் செரிக்கவே செலவாகிறது. மீதிதான் நடப்பது, குனிவது, தூக்குவது, துவைப்பது போன்ற அசைவுகளுக்கு.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்திக்கொள்ள வேண்டும். பருத்தவர் உடலில் எரிப்பு மந்தம் என்று பலரும் நினைக்கிறார்கள். அளந்து பார்த்தால் பெரும்பாலும் அப்படி இல்லை. பெரிய உடலைத் தாங்கப் பெரிய செலவு ஆகும். அதனால் பருத்தவர் ஓய்வாக இருக்கும்போதும் மெலிந்தவரைவிடக் கூடுதலாகவே எரிக்கிறார். வேறுபாடு பெரும்பாலும் மற்ற இடங்களில் இருக்கிறது: பசி எப்போது எடுக்கிறது, போதும் என்ற உணர்வு எப்போது வருகிறது, மிஞ்சியது உடலின் எந்த இடத்தில் சேர்கிறது, கூடுதலாக உண்டால் உடல் தானாக எவ்வளவு அசைகிறது ஆகியவற்றில்.

ஒரே சாப்பாடு, வெவ்வேறு எடை

கனடாவின் கியூபெக் நகரில் லவால் பல்கலைக்கழக ஆய்வாளர் கிளாட் பூஷார் நடத்திய சோதனை இதற்கு நல்ல சான்று. 1990-ல் அது வெளியானது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களாகப் பார்த்து, 12 ஜோடி இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். வழக்கமான உணவுக்கு மேல் ஒவ்வொருவருக்கும் நாளுக்கு 1,000 கலோரி அதிகம் கொடுத்தார்கள். வாரத்தில் 6 நாள் வீதம், 100 நாளில் 84 நாள் இப்படி உண்டார்கள்.

எல்லோருக்கும் கூடுதலாகக் கிடைத்த அளவு ஒன்றுதான். சராசரியாக 8.1 கிலோ எடை ஏறியது. ஆனால் ஒருவருக்கு 4.3 கிலோ, மற்றொருவருக்கு 13.3 கிலோ என்று மூன்று மடங்கு வித்தியாசம் இருந்தது. ஒரு ஜோடிக்கும் அடுத்த ஜோடிக்கும் இடையே இந்த வேறுபாடு பெரிதாக இருந்தது. ஒரே ஜோடியின் இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறினார்கள். கொழுப்பு எங்கே சேர்ந்தது என்பதில்கூட இரட்டையர்கள் ஒத்துப்போனார்கள். அந்த ஒற்றுமை பிறப்பிலேயே வந்தது.

1999-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஜேம்ஸ் லெவின் குழு 16 பேருக்கு 8 வாரம் இதேபோல் கூடுதல் உணவு கொடுத்தது. ஒருவர் உடலில் 0.36 கிலோ கொழுப்புதான் சேர்ந்தது. இன்னொருவர் உடலில் 4.23 கிலோ. காரணத்தைத் தேடியபோது தெரிந்தது இது: சிலருடைய உடல், அதிகம் உண்டதும் தானாகவே அதிகம் அசைந்தது. எழுந்து நடப்பது, நிற்பது, கை கால் ஆட்டுவது போன்ற சின்னச் சின்ன அசைவுகள் கூடிவிட்டன. உடற்பயிற்சி என்று அவர்கள் எதுவும் செய்யவில்லை. சிலருடைய உடலுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

ஆகவே, ஒரே வீட்டில் ஒரே சட்டிச் சோற்றை உண்ணும் அண்ணன் ஒல்லியாகவும் தங்கை பருமனாகவும் இருந்தால், தங்கை திருட்டுத்தனமாக உண்கிறாள் என்று பொருள் இல்லை. உடன்பிறந்தவர்களுக்கும் எல்லா மரபணுவும் ஒன்றாக வருவதில்லை.

அத்தாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று

நம் உடலின் ஒவ்வொரு உயிரணுவிலும் உடலைக் கட்டி நடத்துவதற்கான குறிப்புகள் எழுதப்பட்டுள்ளன. அந்தக் குறிப்புகளுக்குத்தான் மரபணு என்று பெயர். மனிதரிடம் சுமார் 20,000 மரபணுக்கள் உள்ளன. ஏறக்குறைய எல்லா மரபணுவிலும் இரண்டு படிகள் நம்மிடம் இருக்கும். அத்தாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. இந்தப் படிகளில் அங்கங்கே ஓர் எழுத்து மாறியிருக்கும். அந்தச் சிறு மாற்றமே ஆளுக்கு ஆள் வேறுபாட்டைத் தருகிறது.

பருமனோடு தொடர்புடைய மரபணுக்களில் அதிகம் பேசப்படுவது எஃப்.டி.ஓ. என்பது. 2007-ல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் 38,759 பேரை வைத்து இதன் தொடர்பை வெளியிட்டார்கள். எடை ஏற்றும் வகைப் படி இரண்டும் உள்ளவர்கள், அந்தப் படி ஒன்றுகூட இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ அதிகம் இருந்தார்கள். அவர்கள் பருமன் நிலையை அடையும் வாய்ப்பு ஏறக்குறைய 1.7 மடங்கு. இந்த 3 கிலோ என்ற எண்ணை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

இந்த மரபணு செய்யும் வேலை என்ன? குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், இந்த வகைப் படி உள்ளவர்களின் உடல் குறைவாக எரிக்கவில்லை. அவர்கள் ஒரு வேளையில் சற்று அதிகம் உண்டார்கள். போதும் என்ற செய்தி அவர்களுக்குத் தாமதமாகக் கிடைக்கிறது. 2015-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள்: கொழுப்பைச் சூடாக எரிக்க வேண்டிய உயிரணுக்கள், இந்த மாற்றத்தால் அதைச் சேமிக்கும் பக்கம் சாய்கின்றன.

எம்.சி.4.ஆர். என்ற மரபணு பசியை அடக்கும் வேலையில் பங்குள்ளது. அதன் அருகே ஒரு மாற்றத்தை 2008-ல் லண்டனில் வாழும் இந்திய வம்சாவளியினரிடம் கண்டறிந்தார்கள். அதில் இரண்டு படியும் உள்ளவர்களுக்கு இடுப்புச் சுற்றளவு சுமார் 2 செ.மீ. அதிகம். ஐரோப்பியரைவிட நம்மவர்களிடம் இந்த மாற்றம் அதிகமாக இருந்தது.

நம் தமிழ்நாட்டிலும் ஆய்வு நடந்திருக்கிறது. சென்னையில் டாக்டர் வி. மோகன் தலைமையிலான மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம், 2001-ல் தொடங்கிய பெரிய கணக்கெடுப்பில் 26,001 பேரைச் சந்தித்தது. அதில் கலந்துகொண்டவர்களிடம் எஃப்.டி.ஓ. மரபணுவை ஆராய்ந்து, அதன் மாற்றங்களுக்கும் தென்னிந்தியரின் பருமன், நீரிழிவு இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று 2011-ல் வெளியிட்டார்கள்.

ஆனால் ஒன்றிரண்டு மரபணுக்களோடு கதை முடியவில்லை. 2018-ல் ஐரோப்பிய வம்சாவளியினர் சுமார் 7 லட்சம் பேரின் தகவலைத் தொகுத்தபோது, உடல் எடையோடு தொடர்புள்ள இடங்கள் 900-க்கும் மேல் கிடைத்தன. அத்தனையையும் கூட்டினாலும் ஆளுக்கு ஆள் உள்ள எடை வேறுபாட்டில் சுமார் 6 விழுக்காட்டைத்தான் விளக்க முடிந்தது. ஒவ்வொன்றும் சிறு துளி. எனவே "பருமன் மரபணு" என்று ஒன்றைச் சுட்டிக்காட்டி, இதுதான் காரணம் என்று எவராலும் சொல்ல முடியாது. எடைக்கான மரபணுச் சோதனை என்று ஆயிரக்கணக்கில் பணம் கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம். அந்த அறிக்கை சொல்வதைவிட, உங்கள் பெற்றோரின் உடல்நல வரலாறும் ஓர் இன்ச் டேப்பும் அதிகம் சொல்லும்.

வெளியே மெலிவு, உள்ளே கொழுப்பு

இனி, ஒல்லியானவர்களுக்குச் சர்க்கரை வருவது ஏன் என்பதைப் பார்ப்போம்.

2004-ல் பூனே கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் தங்கள் படங்களையே போட்டு ஒரு மருத்துவ இதழில் ஒரு பக்கக் கட்டுரை எழுதினார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றே: 22.3. தராசும் அளவுகோலும் இருவரும் சமம் என்றன. ஆனால் உடலுக்குள் உள்ள கொழுப்பை அளந்தபோது லண்டன்காரருக்கு 9.1 விழுக்காடு, நம் பூனே டாக்டருக்கு 21.2 விழுக்காடு. லண்டன்காரர் நெடுந்தூர ஓட்டக்காரர், பூனேக்காரருக்கு அப்படிப் பழக்கம் இல்லை என்பதையும் அவர்களே நகைச்சுவையாகக் குறிப்பிட்டிருந்தார்கள். பிறப்பும் பழக்கமும் சேர்ந்தே இந்த வித்தியாசத்தைத் தந்தன.

நம்மவர்களுக்குப் பொதுவாகத் தசை குறைவு. கொழுப்பு வயிற்றைச் சுற்றியும் ஈரலிலும் தங்குவது அதிகம். அங்கே தங்கும் கொழுப்புதான் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. இதனால்தான் இந்தியருக்கான அளவுகள் வேறாக வைக்கப்பட்டன. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது எடைக் குறியீடு. உலக அளவில் 25-ஐத் தாண்டினால் அதிக எடை, 30-ஐத் தொட்டால் பருமன். நமக்கு 23-லேயே அதிக எடை, 25-லேயே பருமன்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் 1,13,043 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. அதில் 28.6 விழுக்காட்டினருக்குப் பொதுவான பருமன் இருந்தது. வயிற்றுப் பருமன் மட்டும் 39.5 விழுக்காட்டினருக்கு. தராசில் நின்று தப்பித்த பலர் டேப்பில் அகப்பட்டுவிட்டார்கள்.

பஞ்சமும் கருவறையும்

நம் உடல் ஏன் இப்படிச் சேமிக்கிறது? 1962-ல் ஜேம்ஸ் நீல் என்ற அமெரிக்க மரபியலாளர் ஒரு கருத்தைச் சொன்னார். பஞ்ச காலத்தில், கிடைத்ததைச் சேமித்துவைக்கும் உடலே பிழைத்திருக்கும். அந்தச் சிக்கன குணம் பிள்ளைகளுக்கு வந்து, உணவு மிகுந்த காலத்தில் நோயாகிறது என்பது அவர் எண்ணம். 1876 முதல் 1878 வரை மதராஸ் மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தின் கதையைக் கேட்டு வளர்ந்த நம் வானம் பார்த்த பூமிக்கு இது பொருத்தமாகத் தோன்றும். ஆனால் இது இன்றும் ஒரு கருத்துதான். இதுதான் அந்தச் சிக்கன மரபணு என்று உறுதியாக எதுவும் நிலைநாட்டப்படவில்லை. ஒரு பஞ்சம் இரண்டு மூன்று தலைமுறைக்குள் ஒரு சமூகத்தின் மரபணுவை மாற்றிவிடாது.

இதைவிட உறுதியான சான்று தாயின் கருவறையில் கிடைத்தது. பூனேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளையும் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். நம் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, அவர்களுடையது 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசையும் உள்ளுறுப்புகளும் சிறுத்திருந்தன. தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்து பிறந்த குழந்தையிடமே கொழுப்பின் பங்கு அதிகம். கருவில் போதிய சத்துக் கிடைக்காத குழந்தை, பின்னாளில் வயிறாரக் கிடைக்கும்போது வேகமாக எடை ஏறி, சர்க்கரைக்கு ஆளாகும் வாய்ப்பு கூடுகிறது.

எனவே பிள்ளையின் பிற்கால இடுப்பளவு, தாயின் தட்டிலும் ஓரளவு தொடங்குகிறது. வீட்டில் எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் மருமகள், ரத்தசோகையோடு கர்ப்பம் தரிக்கும் பெண், கலியாணத்துக்கு முன் இளைக்க வேண்டும் என்று பட்டினி கிடக்கும் பிள்ளை ஆகியோருடைய குறை அடுத்த தலைமுறைக்கும் போகிறது. கர்ப்பிணிக்கு முட்டை, பருப்பு, கீரை, பால், மீன் முதலில் வைக்கும் வீடு, பேரப்பிள்ளையின் சர்க்கரை நோய்க்கும் சேர்த்து மருந்து கொடுக்கிறது.

அரிதாக வரும் ஒரு நிலை

மேலே சொன்னவை பலருக்கும் பொதுவானவை. மிக அரிதாக, ஒரே ஒரு மரபணு முற்றிலும் பழுதாகிக் குழந்தைப் பருவத்திலேயே கடும் பருமன் வருவதுண்டு.

1994-ல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு, லெப்டின் என்ற சுரப்பைத் தரும் மரபணுவைக் கண்டுபிடித்தது. உடலில் கொழுப்புக் கையிருப்பு போதுமான அளவு இருக்கிறது என்று மூளைக்குச் செய்தி சொல்வது லெப்டின். 1997-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள், பாகிஸ்தான் வம்சாவளிக் குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு குழந்தைகளிடம் இந்தச் சுரப்பே இல்லை என்று கண்டார்கள். ஒரு சிறுமிக்கு 8 வயதில் 86 கிலோ எடை. பிறக்கும்போது எடை இயல்பாகவே இருந்தது. பசி அடங்கவே இல்லை. பெற்றோர் நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள். லெப்டின் ஊசி போட்ட ஓராண்டில் அந்தச் சிறுமி 16 கிலோ குறைந்தாள். அதுவரை "தீனிக்காரி" என்று பார்க்கப்பட்டிருக்கக்கூடிய ஒரு குழந்தைக்கு, இல்லாமல் போனது ஒரு சுரப்புதான்.

சொந்தத்தில் கட்டுவது நம் பகுதியில் எல்லாச் சமூகத்திலும் உள்ள வழக்கம். அத்தாவும் அம்மாவும் ஒரே குடும்பத்திலிருந்து ஒரே பழுதான படியைச் சுமந்திருந்தால், பிள்ளைக்கு இரண்டும் பழுதாக வரும் வாய்ப்பு கூடும். எல்லாச் சொந்தத் திருமணத்திலும் இப்படி நடக்கும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்திலேயே கட்டிவரும் குடும்பம் இதை அறிந்திருப்பது நல்லது. ஐந்து வயதுக்குள் எடை வேகமாக ஏறுகிறது, எவ்வளவு கொடுத்தாலும் குழந்தை உணவுக்காக அழுகிறது என்றால், "நல்லாச் சாப்பிடுது" என்று மகிழாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மரபணு தீர்ப்பு அல்ல

இவ்வளவையும் படித்தபின், "அப்படியானால் எல்லாம் நஸீபு" என்று சொல்லத் தோன்றும். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை.

2011-ல் 2,18,166 பேரின் தகவலை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். உடல் உழைப்பு உள்ளவர்களிடம், எஃப்.டி.ஓ. மாற்றத்தால் பருமன் வரும் வாய்ப்பு சுமார் 27 விழுக்காடு குறைந்திருந்தது. 2016-ல் 9,563 பேரை உள்ளடக்கிய எடைக்குறைப்புச் சோதனைகளை அலசினார்கள். எடை ஏற்றும் படி உள்ளவர்களும் மற்றவர்களைப் போலவே எடை குறைந்தார்கள். மரபணு அவர்களைத் தடுக்கவில்லை. முன்னர் சொன்ன 3 கிலோவையும் நினைத்துப் பாருங்கள். மரபணு மட்டும் கொடுத்தது சராசரியாக அவ்வளவுதான். ஒருவருக்கு 20 கிலோ கூடியிருந்தால், மீதியில் மற்றக் காரணங்களுக்கும் பெரிய பங்கு உண்டு.

சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. சர்க்கரை வருவதற்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டு தொடர்ந்தார்கள். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடைப்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டவர்களில் 39.3 விழுக்காட்டினருக்கு மட்டுமே வந்தது. அவர்களுடைய எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. எடை இறங்கவில்லையே என்று மனம் தளர்ந்து நடையை விட்டுவிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தராசு காட்டாத நன்மையும் உடலுக்குள் நடக்கிறது.

உங்கள் மதிப்பெண் என்ன?

மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் 2005-ல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் முறையை வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். செலவு எதுவும் இல்லை.

வயது: 35-க்குக் கீழ் என்றால் 0, 35 முதல் 49 வரை 20, 50-ம் அதற்கு மேலும் 30.

இடுப்புச் சுற்றளவு: ஆண் 90 செ.மீ.க்குக் கீழ், பெண் 80 செ.மீ.க்குக் கீழ் என்றால் 0. ஆண் 90 முதல் 99, பெண் 80 முதல் 89 என்றால் 10. அதற்கு மேல் 20.

உடல் உழைப்பு: வழக்கமான உடற்பயிற்சியும் கடின உழைப்பும் இரண்டும் உண்டென்றால் 0, இரண்டில் ஒன்று உண்டென்றால் 20, இரண்டும் இல்லையென்றால் 30.

குடும்பம்: பெற்றோர் இருவருக்கும் சர்க்கரை இல்லை என்றால் 0, ஒருவருக்கு என்றால் 10, இருவருக்கும் என்றால் 20.

கூட்டினால் 60-ம் அதற்கு மேலும் அதிக அபாயம். 30 முதல் 50 வரை நடுத்தரம். 30-க்குக் கீழ் குறைவு.

ஓர் எடுத்துக்காட்டு. 42 வயதுக் கடைக்காரர். நாள் முழுதும் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். இடுப்பு 94 செ.மீ. அவருடைய அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. வயதுக்கு 20, இடுப்புக்கு 10, உழைப்புக்கு 30, குடும்பத்துக்கு 10. மொத்தம் 70, அதிக அபாயம். அவர் தினமும் நடக்கத் தொடங்கி, இடுப்பை 90-க்குக் கீழ் கொண்டுவந்தால், 20, 0, 20, 10 என்று 50 ஆகும். வயதும் வம்சமும் அப்படியேதான் இருக்கின்றன. அவர் மட்டும் ஒரு படி கீழே இறங்கிவிட்டார்.

இந்த முறையில் மொத்தம் 100 மதிப்பெண். வயதுக்கு 30, குடும்பத்துக்கு 20 என்று மாற்ற முடியாதவை 50. இடுப்புக்கு 20, உழைப்புக்கு 30 என்று மாற்றக்கூடியவை 50. பாதி நமக்குக் கொடுக்கப்பட்டது. பாதி நம் கையில் உள்ளது. இந்தப் பாடத்தின் சாரம் இதுதான். இந்த மதிப்பெண் சர்க்கரை நோய்க்கான அபாயத்தைச் சொல்வது. நோய் இருக்கிறதா என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். 60-ஐத் தொட்டவர்கள் தாமதிக்காமல் ரத்தம் கொடுத்துப் பாருங்கள்.

இடுப்பை அளக்கும் முறை: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றுங்கள். மூச்சை இயல்பாக வெளியே விட்டதும் பாருங்கள். வயிற்றை எக்க வேண்டாம். 90 செ.மீ. என்பது சுமார் முப்பத்தைந்தரை அங்குலம், 80 செ.மீ. என்பது முப்பத்தொன்றரை. பேன்ட் அளவை நம்பாதீர்கள். பலர் அதைத் தொப்பைக்குக் கீழேதான் போடுகிறார்கள். கைலியும் புடவையும் எவ்வளவு பெருத்தாலும் இடம் கொடுக்கும். ஆகவே நம் வீடுகளில் இடுப்புப் பெருத்தது கண்ணுக்கே தெரிவதில்லை.

காரியாபட்டியில் என்ன செய்யலாம்

நம் முன்னோர் மானாவாரிக் காட்டில் உழுது, பருத்தி எடுத்து, கம்பும் சோளமும் குதிரைவாலியும் உண்டவர்கள். அவர்களுடைய மரபணுதான் நம்மிடமும். மாறியது மற்றதெல்லாம். இரு சக்கர வாகனம் வந்தது. மூன்று வேளையும் வெள்ளைச் சோறு, இட்லி, தோசை என்றானது. இரவில் எண்ணெய்ப் பரோட்டா, மாலையில் காராச்சேவும் சீனி போட்ட டீயும் வழக்கமாயின. வெளிநாட்டிலிருந்து திரும்பும் சபராளிகள் பலர் அங்கே உட்கார்ந்த வேலையிலும் இரவு நேரச் சாப்பாட்டிலும் பழகி, இடுப்போடு திரும்புகிறார்கள்.

பின்வருவனவற்றில் முடிந்ததைத் தொடங்குங்கள்.

1. தட்டில் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் காயும் கீரையும் வையுங்கள். பருப்பு, முட்டை, மீன் ஏதாவது ஒன்று இருக்கட்டும். கம்பும் குதிரைவாலியும் நல்லவைதான். ஆனால் அவற்றையும் அளவோடு உண்ண வேண்டும்.

2. போதும் என்ற உணர்வு சிலருக்குத் தாமதமாக வரும் என்று பார்த்தோம். அவர்களுக்கு மெதுவாக உண்பதே மருந்து. விருந்தில் "போதும்" என்றவர் தட்டில் மேலும் பிரியாணி வைப்பதை அன்பு என்று நினைக்கிறோம். போதும் என்ற சொல்லை மதிப்பதும் அன்புதான்.

3. நோன்பு திறந்ததும் கஞ்சியும் பேரீச்சம்பழமும் தண்ணீரும் போதும். வடை, சமோசா, சீனிச் சர்பத் எல்லாம் சேர்ந்தால் பகல் முழுக்க மிச்சமானது பத்து நிமிடத்தில் திரும்பிவிடும்.

4. பள்ளிவாசலுக்கும் கடைக்கும் நடந்தே போங்கள். நாள் ஒன்றுக்கு 30 நிமிடம் வேகநடை. பெண்கள் சாலையில் நடக்கத் தயங்கினால், மாடியிலோ முற்றத்திலோ பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை நடந்தாலும் கணக்குத்தான்.

5. 2021 முதல் நடக்கும் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு வீடு தேடி வருகிறார்கள். அவர்கள் வந்தால் "நமக்கொன்றுமில்லை" என்று திருப்பி அனுப்பாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் பரிசோதனை இலவசம்.

6. இளைக்க வைக்கும் பவுடர், கசாயம், பெல்ட் என்று வருபவற்றில் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

7. பிறர் உடம்பைப் பற்றிப் பேசுவதை விடுவோம். பெண் பார்க்கும் இடத்திலும் மதரஸா வகுப்பிலும் ஒருவரின் உடம்பை வைத்துப் பட்டப்பெயர் சூட்டுவதை மார்க்கமும் அனுமதிக்கவில்லை. அதனால் யாரும் இளைத்ததும் இல்லை. அவமானப்பட்ட பிள்ளை மறைந்து உண்ணும், வெளியே வந்து விளையாடாது. உடன் நடந்து போகும் ஒருவர் கிடைத்தால் அது நடக்கும்.

வீட்டில் கலந்து பேச

இந்தப் பாடத்தை வீட்டில் சத்தமாகப் படித்து, கீழுள்ளவற்றைக் குடும்பத்தோடு பேசுங்கள்.

உங்கள் நன்னா, நன்னி, அத்தா, அம்மா, மாமு, மாமி ஆகியோரில் யார் யாருக்குச் சர்க்கரை, எந்த வயதில் வந்தது? ஒரு தாளில் எழுதி வையுங்கள். வீட்டில் பெரியவர்கள் ஒவ்வொருவரின் இடுப்பளவு என்ன, மதிப்பெண் என்ன? மாற்றக்கூடிய 50-ல் இந்த மாதம் எதைக் குறைக்கப் போகிறீர்கள்? வீட்டில் கடைசியாக உண்பவர் யார், அவர் தட்டில் என்ன மிஞ்சுகிறது?

டேப் இல்லாதவர்கள் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். பெண்களுக்கு அளக்கப் பெண் தன்னார்வலர்கள் இருப்பார்கள். அளவையும் மதிப்பெண்ணையும் அவரவர் கையிலேயே எழுதிக் கொடுப்போம். வேறு யாருக்கும் சொல்ல மாட்டோம். மதிப்பெண் 60-ஐத் தாண்டியவர்களைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லவும் ஏற்பாடு செய்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.
செயலாளர்